வெள்ளைத் துணி

விமானம் பத்தேகாலுக்கு வருமென்று
மூன்று நாள் முன்பே கிராம அலுவலரிடம் கொடுத்திருந்தோம் துண்டறிக்கை:
“தாழப் பறக்கும். ஒரே கோட்டில் போய்த் திரும்பும்.
காற்றின் அழுக்கை அளக்க வருகிறது. யாரும் பயப்பட வேண்டாம்.”
கடைசி வரியை எழுதியவள் நான்.
எழுதிவிட்டு வெட்டினேன். வெட்டிவிட்டு மறுபடி எழுதினேன்.

உருத்திரபுரத்தில், அறுத்த வயலில்,
வெள்ளைத் துணி ஒன்று, கறுப்புத் துணி ஒன்று
மூலைக்கு மூலை கல் வைத்து விரித்தோம்.
மேலே போகிற கண்ணுக்கு
எது வெள்ளை, எது கறுப்பு என்று
கீழே நின்று ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.
அதுதான் என் உத்தியோகம்.
ஒரு நாய் வந்து வெள்ளையில் படுத்தது.
இமானுவேல் பிஸ்கட் காட்டிக் கூட்டிப்போனார்.
கறுப்பில் படுத்திருந்தால் விட்டிருப்போம்,
நாயும் கறுப்பு.

வெயில் இறங்கி, மண்ணில் பட்டு, திரும்ப ஏறுகிறது.
போகும்போதும் வரும்போதும் காற்று
கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது,
ருசி பார்ப்பதாகச் சொல்லிச் சொல்லி
சந்தையில் கடைக்கொரு கச்சான் எடுப்பவன் மாதிரி.
லொறிப் புகை நீலத்தில் கைவைக்கும்.
சேற்று வயல் விடும் மூச்சு
சிவப்புக்கும் அப்பால், கண் எட்டாத நிறத்தில்.
வெளிச்சத்தை நானூறு சொச்சம் கீலமாகக் கிழித்து
எதில் எவ்வளவு குறைகிறதென்று பார்க்கும் கருவி.
முழுக்க முழுக்க இல்லாததின் கணக்கு.

சத்தம் முதலில் தெற்கிலிருந்து.
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெளியே ஓடிவந்து கைகாட்டினார்கள்.
ரீச்சர் வரவில்லை.
கதவு நிலையைப் பிடித்தபடி, தலை நிமிராமல்,
எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.
என் முழங்கால்கள் தாமாகவே மடங்கின.
அளவெடுக்கக் குனிகிறேன் என்று
நிரோஷன் நினைத்திருப்பான். நினைக்கட்டும்.
பதினான்கு கோடு. ஒரு சால் பிசகாத உழவு.
எதையும் போடாமல் போனது.

ஆறு கிழமைக்குப் பிறகு படம் வந்தது.
ஏ ஒன்பது வீதி, காய்ச்சல்காரனின் நாக்கு.
பரந்தன் சந்தி, குப்பைமேடு, உமி எரிக்கும் ஆலை,
எல்லாம் எதிர்பார்த்ததுதான்.
அக்கராயனுக்கு மேற்கே, காட்டோரம்,
யாரும் குறித்துவைக்காத ஒரு நூல்:
அகலம் இரண்டே கட்டம், நீளம் நானூறு மீற்றர்,
சோளகத்தில் வடகிழக்காய்ச் சாய்ந்த வால்.
“மூலத்தை நேரில் உறுதிசெய்க” என்றது கொழும்பு.

மோட்டார் சைக்கிளில் போனோம்.
மண் மூடிய கரிக்குழி. வெடித்த இடத்தில்
ஈரச் சாக்கை அமத்திக்கொண்டிருந்தார் நேசமலர்.
எங்களைக் கண்டதும்
மரத்துக்கு எடுத்த அனுமதித் துண்டைத் தேடி
பொலித்தீன் பை ஒன்றை அவிழ்த்தார்.
அது வேண்டாம் என்று படத்தைக் காட்டினேன்.
கனநேரம் பார்த்தார்.
“இது நானோ?”
“உங்கட புகையில கண்ணுக்குத் தெரியாத பங்கு.”
வாலில் விரல் வைத்து
அது முடியும் இடம்வரை இழுத்துக்கொண்டு போனார்.
“இதில பொன்னம்பலத்தாரின்ர வீடு.
அதுதான் அந்தாள் இருமுறாரோ.”

பிறகு சாக்கைப் புரட்டிப் போட்டபடி கேட்டார்:
“அந்த நாளில வண்டு சுத்தேக்க
கஞ்சி காய்ச்சிற புகை தெரியுமெண்டு
இப்பிடித்தான் ஈரச் சாக்குப் போட்டனாங்கள்.
தெரிஞ்சிருக்குமோ பிள்ளை?”

அது வேறு கருவி, என்றேன்.
தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
நிரோஷன் தலைக்கவசத்தின் வாரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

படிவத்தில் பெயருக்கென்று ஒரு கட்டம்.
‘கரிக்குழி, ஒன்று, சிறியது’ என்று நிரப்பினேன்.
புறப்படும்போது அவர் கேட்டது காற்றைப் பற்றி:
எந்த மாசத்தில அது காட்டுப் பக்கம் போகும்?
தையில், என்றேன். வாடைக்கு.
தை, என்று விரலை மடக்கினார்.
அதுவரைக்கும் இன்னும் மூன்று விரல் கிடந்தது.